இரண்டு மலைக்கு ஒரே தவளை

தவளை திருடாது. கள்ளக் கையெழுத்துப் போடாது. காப்புறுதிப் பணத்துக்காகத் தன் கடையைத் தானே கொளுத்தாது. அப்படியிருந்தும் அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு தவளைக்காக என் த்ரீவீலை றொசல்ல மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இராஜகுமாரி மிஸ் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். முனகிக்கொண்டே ஏற்றினேன், அது வேறு விஷயம்.

மிஸ்ஸைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து காப்புறுதிக் கம்பனி வேலையாக ஹட்டனுக்கு வந்தவர். "கடை தானாக எரிந்தது, லொறி தானாக உருண்டது" என்று வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே உண்மையைப் பிடுங்கிவிடுவார். கம்பனி ஓய்வு கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னது. மிஸ் போகவில்லை. ஹட்டனிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு, பொலிசுக்குப் போகப் பயப்படுகிற ஆட்களின் வழக்குகளைத் துப்பறியத் தொடங்கினார். நான் வீரய்யா. அவருக்குச் சாரதி, உதவியாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் நானே. மொழிபெயர்ப்பு என்றால் தமிழிலிருந்து தமிழுக்கு. அவர் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழ், தேயிலைத் தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் ஆட்களுக்குப் பாதிதான் புரியும்.

பின் இருக்கையில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் சர்மிளா உட்கார்ந்திருந்தாள். உடப்புசல்லாவைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. கெம்பசில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். 2004ஆம் ஆண்டில் எங்கள் ஆட்களுக்குள் அப்படி ஒரு பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். அந்தப் பிள்ளையைத்தான் மோசடிக்காரி என்று சொல்லிவிட்டார்கள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ பிள்ளை," என்றார் மிஸ். "வீரய்யாவுக்கும் விளங்கிற மாதிரி."

"எனக்கு வெளங்கிருச்சுங்க மிஸ். தவளைக்கு ஜாதகம் பாக்குற படிப்பு."

சர்மிளா கோபப்படவில்லை. "ஜாதகம்னே வச்சுக்குங்கண்ணே. ஒவ்வொரு உயிருக்குள்ளயும் மரபணுன்னு ஒரு எழுத்து இருக்கு. மலைக்கு மலை தவளை பிரிஞ்சு போயி ரொம்பக் காலமாச்சு. அதனால மலைக்கு மலை எழுத்து மாறும். நக்கிள்ஸ் மலையிலருந்து சிங்கராஜக் காடு வரைக்கும் சுத்தி, விரல் நுனியில துளியூண்டு எடுத்து ஸ்பிரிட்டுப் போத்தல்ல போட்டுட்டு தவளைய விட்டுருவேன். அந்த எழுத்தெல்லாம் சேத்து ஒரு படம் போடுறேன். எங்க விதவிதமா இருக்கு, எங்க சுருங்கிப் போச்சுன்னு பாத்தா, எந்தக் காட்ட மொதல்ல காப்பாத்தணும்னு அந்தப் படம் சொல்லிரும்."

"அதுல என்ன கொழப்பம்?"

"றொசல்லத் தவளையும் உடப்புசல்லாவைத் தவளையும் ஒண்ணா வந்திருக்கு. ஒரே வீட்டுப் புள்ளைங்க மாதிரி."

"ரெண்டும் தோட்டத்துத் தவளைதானம்மா, ஒண்ணா இருந்தா என்ன?"

"நடுவுல எத்தன மலை இருக்குண்ணே! இது என் கட்டைவிரல் நகத்தளவு. ரோட்டக்கூடத் தாண்டாது. தண்ணிக்கும் போகாது. மண்ணைக் கெளறி முட்டை போட்டு மூடிரும். முட்டைக்குள்ளயே தவளையாகி வெளிய வரும். எப்பிடிண்ணே அங்க போகும்?"

"றொசல்லயில ஸ்டேசன் இருக்குல்ல. டிக்கெட் எடுத்திருக்கும்."

"உடப்புசல்லாவைக்கு ரயில் இல்லை," என்றார் மிஸ். "முழிச்சுக்கொண்டு ஓட்டும். பிள்ளை, உம்மட மேற்பார்வையாளர் உமாசுதன் என்ன சொல்லுறார்?"

சர்மிளா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் உடப்புசல்லாவையில புடிக்கவே இல்லையாம். சொந்த ஊருக்குப் போயி வீட்டுல தூங்கிட்டேனாம். இல்லாட்டி லயத்துல யாராச்சும் போத்தல்ல இருந்த ஸ்பிரிட்டக் குடிச்சிருப்பாங்களாம். அத மறைக்க றொசல்லப் போத்தல்லருந்து பிரிச்சு வச்சுட்டேனாம்."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் சிங்களத்தில் என் பரம்பரையை விசாரித்தான்.

"குடிச்சாங்களா? தவளை வெரலு ஊறுன தண்ணியையா? அந்தாளு சொன்னாராக்கும்!" எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கொழுந்து குறைந்தால் லயத்துக்காரன் குடித்தான். பிள்ளை பரீட்சையில் தவறினால் அப்பன் குடித்தான். இப்போது தவளை ஒன்றுபோல் இருந்தால்கூட நாங்கள்தான் குடித்திருக்கிறோம்.

"வீரய்யா, கோபத்தைப் பிறகு வைச்சுக்கொள்ளும். ஏத்தத்தில நிக்கிறம்."

"இன்னிக்குப் பின்னேரம் அவரே உடப்புசல்லாவைக்கு வாறாரு மிஸ்," என்றாள் சர்மிளா. "எடத்தப் பாக்கவாம். தப்புப் பண்ணிட்டேன், ஆராய்ச்சிய விட்டுட்டுப் போறேன்னு ஒரு கடதாசி அடிச்சு வச்சிருக்காரு. கையெழுத்துப் போட்டா சத்தமில்லாம விட்டுருவாங்களாம். போடாட்டி திங்கக்கெழம கமிட்டி கூடி, மோசடின்னு எழுதிப் பேரை வெட்டிருவாங்களாம்."

"போடுவீரோ?"

"செத்தாலும் போட மாட்டேன் மிஸ். நான் புடிச்சேன். ரெண்டு மலையிலயும் எங்கையாலதான் புடிச்சேன்."

மிஸ் கைப்பையிலிருந்து ஒரு துண்டு பனங்கட்டியை எடுத்து வாயில் போட்டார். ஒரு வழக்கு அவருக்குப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

றொசல்லத் தோட்டத்தில் சர்மிளா தவளை பிடித்த இடம் தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையின் ஓரம். பந்தலுக்குக் கீழே கருப்புப் பொலித்தீன் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. மழை பிடித்துக்கொண்டது. மேடையைப் பார்த்துக்கொள்கிற நல்லமுத்து என்ற அம்மா எங்களைப் பந்தலுக்குள் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

மிஸ் செருப்பைக் கழற்றினார். "நனைஞ்சு போச்சுது. ஒரு வெறும் பை தாறீங்களோ அம்மா, இதைப் போட?"

கொலைகாரனைத் தேடிப் போனாலும் மிஸ்ஸுக்குச் செருப்பு முக்கியம். நல்லமுத்து அம்மா மண் நிரப்பத் தயாராக வைத்திருந்த பைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செருப்பைப் போட்டதும் எல்லாப் பக்கமும் தண்ணீர் ஒழுகி மிஸ்ஸின் சேலை நனைந்தது.

"மிஸ், அது பை இல்லீங்க. சல்லடை."

"நம்ம பக்கம் பேய் மழைங்க," என்று நல்லமுத்து அம்மா சிரித்தார். "இப்பிடிக் குத்தாட்டித் தண்ணி வடியாது. வேரு அழுகிரும்."

"வடிவான கன்றுகள்," என்றார் மிஸ். "வேற தோட்டங்களுக்கும் இஞ்சயிருந்து போறதோ—"

"இல்லீங்க! எங்கயும் போகாதுங்க. ஒரு தோட்டத்து மண்ணு இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கூடாதுங்க. புழு பரவும்னு சட்டம்."

அந்தச் சிரித்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. பந்தலுக்கு வெளியே மழை விடாமலே இருந்தும், வேலை கிடக்கிறது என்று எங்களை வழியனுப்பிவிட்டார்.

"பாத்தீரா வீரய்யா?" த்ரீவீலில் ஏறியதும் மிஸ் கேட்டார். "நான் கேட்டு முடிக்கேல்லை. அதுக்குள்ள மறுமொழி வந்திட்டுது. ஒண்டும் தெரியாத ஆள் கொஞ்சம் யோசிச்சிருப்பா."

"நானும் அதத்தான் மொதல்ல நெனச்சேன் மிஸ்," என்றாள் சர்மிளா. "கன்னுப் பையோட மண்ணு போனா, மண்ணுக்குள்ள முட்டையும் போயிரும். எங்க ஊர்லயும் புதுசாக் கன்னு நட்ட மலையிலதான் இந்தத் தவளைய புடிச்சேன். ஆனா அந்தக் கன்னு பூரா எங்க தோட்டத்து நாத்துமேடையில வளந்தது. ஆபீசுல அப்பிடித்தான் சொன்னாங்க."

"ஆபீசு சொல்லிற்றால் வேதமோ?"

"ஆபீச நம்பல மிஸ். எங்கம்மாவ நம்புறேன். எங்கம்மாதான் அந்த மேடையில வேலை. ஒவ்வொரு கன்னுக்கும் தான் தண்ணி ஊத்துனதா அதுவே சொல்லுச்சு."

"அம்மா பொய் சொல்லமாட்டாவோ?"

சர்மிளா அவரைப் பார்த்த பார்வையில் நான் இருந்திருந்தால் த்ரீவீலை விட்டு இறங்கியிருப்பேன். "எங்கம்மாவா? கொழுந்து நிறுக்கையில ஒரு முத்தல் எலையக்கூட கூட்டி வைக்காது மிஸ். அது சொன்னா சொன்னதுதான்."

மிஸ்ஸின் கை கைப்பைக்குள் போனது. இன்னொரு பனங்கட்டி வாய்க்குள் போனது.

நுவரெலியாவைத் தாண்டி உடப்புசல்லாவைப் பக்கம் இறங்கும்போது மழையைக் காணோம். அந்தப் பக்கம் அப்படித்தான். ஹட்டனில் கொட்டித் தீர்க்கிற மழைக்கு அந்த மலைகளோடு அவ்வளவு உறவு கிடையாது. மண் சிவந்து காய்ந்து கிடந்தது. காற்றில் என் த்ரீவீல் கூரை படபடத்தது.

சர்மிளாவின் அம்மா நாகலெட்சுமி அக்கா அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, வேலையை முடித்துவிட்டு மகளுக்காக வந்து காத்திருந்தார். ஒல்லியான உடம்பு, ஓயாத கை. லயத்து வாசல் கூரையிலிருந்து கன்றுப் பைகளில் பூச்செடிகள் வரிசையாகத் தொங்கின. நட்டு முடித்த பையை எங்கள் ஆட்கள் எறிய மாட்டார்கள். அதில் ஒரு செவ்வந்தியாவது, கொத்தமல்லியாவது முளைத்தே தீரும்.

"வாங்கம்மா, வாங்க தம்பி, உள்ள வந்து உக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

தேத்தண்ணி வந்தது. மிஸ் ஊர்க்கதை பேசினார். மகள் படித்த கதையைக் கேட்டார். பிறகு மெல்ல, "புது மலையில நிக்கிற கன்று எல்லாம் உங்கட கைதானாமே?" என்றார்.

"ஆமாங்கம்மா." அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாம் நம்ம மேடைதான்."

இனிக் கிடுக்கிப்பிடி போடுவார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிஸ் என்ன கேட்டார் தெரியுமா? "வாசல்ல நிக்கிற சிவப்பு ரோசா நல்ல வடிவு. எனக்கு ஒரு தடி வைச்சுத் தருவீங்களோ?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. உமாசுதன் வரும் நேரம் நெருங்குகிறது. ஒரு பிள்ளையின் படிப்பு ஊசலாடுகிறது. இவருக்கு ரோசா வேண்டுமாம். "மிஸ், வரும்போது செருப்பு, போகும்போது ரோசாவா? அடுத்து கத்தரிக்கன்னும் கேட்டுருங்க, கடை போட்டுருவோம்."

"உமக்கு வேணுமெண்டால் உமக்கும் ஒண்டு கேக்கிறன். பேசாமல் இரும்."

நாகலெட்சுமி அக்காவுக்குச் சந்தோஷம். மகளுக்காக வந்த பெரிய மனுசி, தன் கையால் ஒரு செடி கேட்கிறார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு புதுப் பையை எடுத்து வந்தார். பழைய குடைக்கம்பி ஒன்றை அடுப்பில் காய்ச்சிப் பையின் அடியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டே குத்து. மண்ணை அள்ளினார், தட்டினார், தடியை ஊன்றினார். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது.

"ரெண்டு ஓட்டைதானோ?" என்று மிஸ் கேட்டார்.

"இந்தப் பக்கம் ரெண்டுக்கு மேல போடக் கூடாதுங்கம்மா. காத்து ஈரத்தக் குடிச்சிரும், கன்னு வாடிரும். நான் எப்பவும் ரெண்டுதான்."

மிஸ் எழுந்தார். வாசலுக்குப் போய், தொங்கிய பைகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். றொசல்லயில் செருப்புப் போட்ட பையைக் கைப்பையிலிருந்து எடுத்தார். ரோசாப் பையோடு மூன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செருப்புப் பை சல்லடை. வாசலில் தொங்கிய பையும் சல்லடை. ரோசாப் பையில் மட்டும் இரண்டே ஓட்டை.

"இந்த ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளையள்," என்றார் மிஸ் மெதுவாக. "இது வேற வீடு. நாகலெட்சுமி, புது மலையில நட்ட பிறகு கழட்டின பைதானே வாசல்ல தொங்குது? அதில ஓட்டை போட்டது உங்கட கை இல்லை."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சர்மிளாதான் முதலில் வாய் திறந்தாள். "நீயாம்மா? எங்கிட்டயேவா பொய் சொன்ன?"

"சொல்ல முடியாதுடி." அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் கன்னு பூரா கருகிப் போச்சு. தோட்டத்த நடத்தப் புதுசா வந்த தொரை, சீக்கிரம் வளரணும்னு உரத்த அள்ளிப் போடச் சொன்னாரு. வேணாங்கய்யான்னு சொன்னேன், கேக்கல. கருகுனதும் அவரு முந்தி இருந்த றொசல்லத் தோட்டத்திலருந்து லொறியில கன்னு கொண்டாந்தாரு. மண்ணு கொண்டாரக் கூடாதுன்னு சட்டமாமே. வெளிய தெரிஞ்சா, மேடைய நான்தான் கெடுத்தேன்னு எழுதி வேலைய விட்டு அனுப்பிருவேன்னாரு. கங்காணியார் மூக்கன் எங்க எல்லாரையும் ரோதமுனி கோயிலுக்குக் கூட்டிப் போயி, நம்ம கன்னுதான்னு சொல்றதா சூடம் அடிக்க வச்சாரு."

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், எங்கள் தோட்டங்களில் அதற்கு மேல் ஒரு கோர்ட்டு கச்சேரி கிடையாது. மீறினால் சாமி குடும்பத்தையே கேட்கும் என்ற பயம். அது என்ன பயம் என்று கேட்கிற ஆட்கள் லயத்தில் பிறந்திருக்க மாட்டார்கள்.

"ஆனா என் படிப்பு போகுதும்மா!"

"தவளைக்கும் கன்னுக்கும் என்னடி சம்பந்தம்? கன்னு எங்கருந்து வந்துச்சுன்னு மொட்டையாக் கேட்ட. தவளைக்காகத்தான் கேக்குறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆபீசு ஆளுங்கதான் உன்ன விட்டுக் கேக்க வக்கிறாங்களோன்னு பயந்துட்டேன்."

மிஸ் கீழே குனிந்து அக்காவின் தோளைத் தொட்டார். "நீங்க சத்தியத்தை மீறேல்லை. நம்ம கன்றுதான் எண்டு வாயால சொன்னீங்க. நீங்க வாய் திறக்க முந்தியே உங்கட கைதான் எனக்கு உண்மையைச் சொன்னது. அந்தக் கைக்கு ஒருத்தரும் சூடம் காட்டேல்லை."

அந்த நேரம் பார்த்து, மேலே புது மலைப் பாதையில் ஜீப் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் அங்கே ஏறிப் போனோம்.

கலாநிதி உமாசுதன் புழுதிக்குப் பயந்த சப்பாத்தோடு கல் கல்லாகப் பார்த்து இறங்கினார். கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அந்தக் கடதாசி. பக்கத்தில் கங்காணி மூக்கன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேல் வரிசைகளில் பெண்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்காலுக்கும் எட்டாத தேயிலைக் கன்றுகள் காற்றில் ஆடின.

"இஞ்ச பாரும் சர்மிளா," என்றார் உமாசுதன். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "உம்மட நன்மைக்குத்தான் வந்தனான். கையெழுத்தை வையும். வேற வேலை ஒண்டு தேடலாம். உம்மட பின்னணிக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்."

"என்ன பின்னணிங்க சேர்?" என்று கேட்டேன். மிஸ் என் காலை மிதித்தார்.

மிஸ் பைகளை எடுத்துக் காட்டினார், விஷயத்தைச் சொன்னார். உமாசுதன் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். "பொலித்தீன் பையில இருக்கிற ஓட்டையை வைச்சு எனக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறீங்களோ? பை சந்தையிலயும் வாங்கலாம். கன்று இஞ்ச வளர்ந்தது எண்டு தோட்டமே சொல்லுது. என்ன கங்காணி?"

"ஆமாங்கய்யா," என்றார் மூக்கன். "எல்லாம் நம்ம மேடைக் கன்னுங்க."

"பாத்தீங்களோ? சாட்சி ஒருத்தர் இல்லாமல் கமிட்டிக்கு முன்னால நான் என்னத்தைச் சொல்ல?" உறையிலிருந்து கடதாசியை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனையையும் எடுத்து நீட்டினார்.

சர்மிளா கையைக் கட்டிக்கொண்டாள். அம்மாவை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. தன்னைக் காப்பாற்றச் சொல்லித் தாயைச் சாமிக்கு முன்னால் நிறுத்த அந்தப் பிள்ளைக்கு மனம் வரவில்லை. "போட மாட்டேன் சேர். பேரை வெட்டுறதுன்னா வெட்டுங்க. நான் செய்யாததச் செஞ்சேன்னு எழுத மாட்டேன்."

"பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"நான் சாட்சி சொல்றேங்கய்யா."

நாகலெட்சுமி அக்கா முன்னால் வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிய விதத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி ஆளை நிறுத்த முடியாது.

"நாகலெட்சுமி!" மூக்கன் அதட்டினார். "ரோதமுனி பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு!"

"பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்! சூடம் அடிச்சவதான் நான். மீறுறேன். கண்ணைக் குத்தணும்னா எங்கண்ணைக் குத்தட்டும், எம்மவ கள்ளி இல்ல!" அவர் உமாசுதனுக்கு நேராகத் திரும்பினார். "என் கன்னு கருகிப் போச்சுங்கய்யா. இது றொசல்லயிலருந்து லொறியில வந்த கன்னு. பையும் மண்ணுமா வந்துச்சு. இந்தக் கையாலதான் எறக்குனேன். லயத்துல ஒருத்தனும் உங்க ஸ்பிரிட்டக் குடிக்கல. எங்க ஆம்பளைங்க குடிக்கிறது எதுன்னு எங்களுக்குத் தெரியும், அந்தப் போத்தலு வேற."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அந்தம்மா தாய். மகளுக்காகச் சொல்லத்தான் செய்வா," என்று உமாசுதன் இழுத்தார்.

"நானுந்தான் எறக்குனேன்!" மேல் வரிசையிலிருந்து ஒரு குரல். புல் வெட்டுகிற கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிமிர்ந்து நின்றாள். "ஒரு சாமி எத்தன பேரு கண்ணத்தான் குத்தும்?"

"நானும்!" என்றாள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். அதற்கும் மேலே இருந்து இன்னொருத்தி கத்தினாள்: "கங்காணியாரே, லொறிக் கதவத் தொறந்ததே நீங்கதானே! மறந்துருச்சா?"

மலை முழுக்கச் சிரிப்பு உருண்டு வந்தது. மூக்கன் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார், மறுபடி கழற்றினார். "தொரை சொன்னாருங்க. நான் என்னங்க செய்ய?" என்று கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டார்.

"மண் கொண்டுவந்தது துரை," என்றார் மிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. "கேக்கிறவை துரையைக் கேக்கட்டும். நட்ட பெண்டுகளை ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது. ஆரும் கேட்டால் ஹட்டனுக்கு எனக்கு ஒரு சொல் அனுப்புங்கோ. நான் வருவன்."

அதை நான் எங்கள் தமிழுக்கு மாற்றிக் கத்தினேன். தேவையே இருக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்திருந்தது.

உமாசுதன் கன்றுகளை ஒரு தரம் பார்த்தார். படித்த மனிதர், உண்மை தெரிந்த பிறகும் இல்லை என்று சாதிக்கிற ஆள் இல்லை. கடதாசியை மடித்து உறைக்குள் வைத்தார். "சரி. மோசடி இல்லை. நான் அவசரப்பட்டிட்டன். திங்கக்கிழமை கமிட்டிக்கு நானே அதைச் சொல்லுறன்."

நான் கைதட்டப் போனேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"ஒண்டு மட்டும் செய்யும் சர்மிளா. உம்மட படத்திலயிருந்து இந்த இடத்தை எடுத்துவிடும். பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாம் சுகமா முடியும். இது இந்த மலையின்ர தவளை இல்லையே. தேயிலையோட வந்தது. வந்தேறி. இதை உடப்புசல்லாவை எண்டு எழுத ஏலாது."

சிரித்துக்கொண்டிருந்த மலை அப்படியே அடங்கிப் போனது. அவர் தவளையைத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனால் தேயிலை நட இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தில் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே நரைத்து, போன வருடம்தான் 'நீ இந்த நாட்டுக்காரன்' என்று ஒரு கடதாசி வாங்கிய என் காதுக்கு அது தவளையாகக் கேட்கவில்லை. புல் வெட்டுகிற பெண்களும் கத்தியைக் கீழே வைக்காமல் நின்றார்கள்.

சர்மிளா குனிந்தாள். ஒரு கன்றின் தூரில் ஈரமாக இருந்த சருகை விலக்கி, கையைக் குவித்து எடுத்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு பொடித் தவளை, கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எடுக்க மாட்டேன் சேர்," என்றாள். "இதுகிட்ட யாரும் கேட்டு லொறியில ஏத்தல. மண்ணோட அள்ளிக்கிட்டு வந்து எறக்குனாங்க. வந்தது வந்துச்சு, காஞ்ச மண்ணுல பொழைச்சுக் கெடந்துச்சு, முட்டை போட்டுச்சு. இது லொறியில வந்தது இல்ல சேர், இந்தத் தூருல பொரிச்சது. எப்பிடி வந்துச்சுன்னு முழுக்க எழுதுவேன். லொறின்னு எழுதுவேன், தேயிலைன்னு எழுதுவேன், தொரைன்னும் எழுதுவேன். ஊருன்னு போடுற எடத்துல உடப்புசல்லாவைன்னுதான் போடுவேன்."

"கமிட்டியில ஆருக்கு அது விளங்கப் போகுது?" உமாசுதன் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"வெளங்காட்டி வெளங்க வைக்கிறேன். திங்கக்கெழம எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வாறேன் சேர்."

நாகலெட்சுமி அக்கா மகளின் கையிலிருந்த தவளையை எட்டிப் பார்த்தார். "இதுக்குத்தானாடி இவ்வளவு பாடு?" என்றார். பிறகு உமாசுதனை நேராகப் பார்த்து, "பஸ்ஸு எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லுங்கய்யா. நான் வாறேன்," என்றார்.